முப்பத்தொரு விநாடி

கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை இறக்குகிறவர்
ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படித்தார்.
'எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்' என்ற வரியில்
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
அப்படி ஒரு வரியை
யாரும் அவரிடம் நீட்டியதில்லை போல.

பெயர் ஒச்சப்பன். வயது நாற்பத்தொன்று.
எடை, அவர் தூக்கும் ஒரு மூட்டையைவிட
ஆறு கிலோ கூட.
விடிகாலை மூன்று மணிக்கு வந்த நாசிக் லாரியை முடித்துவிட்டு
விளக்குத்தூணில் டீ குடித்து, நேராக இங்கே.

காந்தத்துக்குள் உலோகம் ஆகாது.
அரைஞாண் கயிற்றை அவிழ்த்தார்; அதில் ஒரு தாயத்து.
தட்டை நீட்டினேன்.
"கீழ வைக்கக் கூடாதும்மா, கையிலயே வச்சிருங்க."
அதனால் அன்றைய அளவீடு முழுவதையும்
வலது கையால் மட்டுமே தட்டினேன்.

கெண்டைக்காலுக்கு அடியில் சுருள். பாதத்துக்கு எதிரே மிதி.
இரண்டு நிமிஷம் மிதிக்கணும், மணி அடித்தால் நிறுத்தணும்,
அப்புறம் அசையாமல் கிடக்கணும்.
"கிடக்குறதுக்கா காசு?"
ஆமாம். எங்களுக்கு வேண்டியதே அந்தக் கிடப்புதான்.

திரையில் ஐந்து முகடுகள்.
ஏடிபியின் மூன்றும் ஆடவில்லை:
அரிசி தீர்ந்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல்
நேரத்துக்கு உலை வைக்கிற வீடு.
இறங்கியது கிரியேட்டின் பாஸ்பேட்.
இருப்பதிலேயே உயரமான அது
ஒவ்வொரு மிதிக்கும் கொடுத்துக் கொடுத்து
பாதிக்கும் கீழே போனது.
பக்கத்தில் வெறும் பாஸ்பேட்
காலிச் சாக்குகளாக ஏறிக்கொண்டே வந்தது.

மணி.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை.
ஒரு மேசை, ஒரு ஆள்,
கூரையைப் பார்த்தபடி பத்துக் கால்விரல்.
உள்ளே ரத்தம் அடித்துப் புரண்டு ஓடுகிறது.
மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆக்சிஜனை வாங்கி வாங்கி
சாக்குச் சாக்காகத் திரும்ப நிரப்புகின்றன.
அமிலம் மட்டும் உடனே தணியவில்லை,
நிறுத்திய பிறகும் கொஞ்சம் ஏறியது.
நிரப்புகிற வேலைக்கும் ஒரு புளிப்பு உண்டு.
குறைந்ததில் பாதி திரும்ப
முப்பத்தொரு விநாடி.
எங்கள் மாணவர்களுக்கு நாற்பதைத் தாண்டும்.

இரண்டாம் சுற்றில் தொடையில் பட்டை.
மணி அடிக்கிற கணத்தில் காற்றை ஏற்றி ரத்தத்தை நிறுத்துவோம்.
கால் முன்போலவே கிடந்தது.
கோடும் கிடந்தது.
ஒரு நிமிஷம். ஒன்றரை.
ஒரு சாக்குகூட நிரம்பவில்லை.
பாடப்புத்தகம் சொல்வதுதான், நூறு தரம் பார்த்ததுதான்.
என் இடது கையில் தாயத்து வியர்த்திருந்தது.
இரண்டு நிமிஷம் ஆகுமுன் காற்றை விட்டேன்.
அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார் பேராசிரியர்.

வெளியே வந்ததும் படத்தைக் கேட்டார்.
இறங்கிய பள்ளத்தில் விரலை வைத்து
ஏறும் கோட்டின் வழியே மெதுவாக இழுத்தார்.
"இதாங்க, மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவுல
லாரிப் பலகையில சாயுற நேரம்.
மேஸ்திரி, என்ன ஒச்சு தூக்கமாம்பாரு.
அவருக்குன்னு ஒண்ணு அடிச்சுத் தருவீங்களா?"

தர முடியாது.
தரவு கல்லூரிக்குச் சொந்தம், படிவத்தில் நாலாவது பத்தி.
அதையும் அவர் வாய்விட்டுத்தான் படித்திருந்தார்.
தலையாட்டினார்.
தாயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்,
ஐந்நூறு ரூபாயை எண்ணவில்லை.

காந்தம் கீழ்த்தளத்தில். லிஃப்ட் பழுது.
படியேறும் சத்தம் திருப்பத்தில் நின்றது.
பழக்கம், கடிகாரத்தைப் பார்த்தேன்.
இருபது. முப்பத்தொன்று.
ஐம்பதிலும் அவர் ஏறவில்லை.
சாப்பாட்டு டோக்கனைப் படித்துக்கொண்டிருக்கலாம்.
யாரும் கூப்பிடாததால்
சும்மா நிற்கலாம்.
எண்ணுவதை விட்டுவிட்டேன்.